உள்ளே வாங்க, கண்ணாடி உடையப்போகுது!

கணினித் திரையில் பத்து சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் தகடு. ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல். மேலும் கீழும் இழுக்கிறோம். கீறல் நீள்கிறது, பாய்கிறது, சட்டென்று இரண்டு கிளையாகப் பிரிகிறது. அடடா! 'இங்கே பிரி' என்று யாருமே அதற்குச் சொல்லவில்லை!

இந்த அதிசயத்தின் பெயர் பெரிடைனமிக்ஸ். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் சில்லிங் 2000-இல் வெளியிட்ட கோட்பாடு. வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்!

தகட்டை மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பத்தாயிரம் புள்ளிகளாக்குகிறோம். உட்புறத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மில்லிமீட்டர் ஆரத்துக்குள் 28 அண்டை வீட்டார். அவர்கள் எல்லோருடனும் பிணைப்பு! மொத்தம் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். சட்டமோ ஒன்றே ஒன்று: அளவுக்கு மீறி நீண்டால் பிணைப்பு அறும், அறுந்தது மறுபடி ஒட்டாது. எந்த அளவு? புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகும் என்று 1921-இல் கிரிஃபித் என்ற பொறியாளர் காட்டினார்; அந்த ஆற்றலிலிருந்துதான் அதைக் கணக்கிடுகிறார்கள்!

பழைய சமன்பாடுகள் வகையிடலை நம்பியவை. விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொடர்ச்சியே இல்லாதபோது எதை வகையிடுவது? சில்லிங் தொகையிடலுக்கு மாறினார். அண்டைப் புள்ளிகளின் விசைகளைக் கூட்டினால் போதும். கூட்டலுக்கு விரிசலைக் கண்டு பயமே இல்லை!

இப்போது வேகத்தைப் பாருங்கள். கண்ணாடியில் விரிசல் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். நம் தகட்டைக் கடக்க 70 மைக்ரோநொடிகூட ஆகாது. அதனால் கணினி ஒரு மைக்ரோநொடியையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எல்லாப் பிணைப்புகளையும் சோதிக்கிறது. விரிசல் வேகமெடுக்க, அதன் முனையில் அறுந்த பிணைப்புகள் பெருகிச் சேதப் பட்டை தடிக்கிறது. தடித்த இடத்தில்தான் கிளை பிரிகிறது!

கார்பன் இழைக் கூட்டுப்பொருளுக்குப் போனால் இன்னும் குதூகலம். இழை ஓடும் திசையில் வலுவான பிணைப்புகள், குறுக்கே வலுக்குறைந்தவை, அடுக்குகளுக்கு நடுவே வேறு வகை. ஒரு பொருள் மோதினால் மேற்பரப்பு நன்றாகவே இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட கூட்டுப்பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவை முன்கூட்டியே காட்டித் தரும் கணக்கு இது என்றால், இதைவிடப் பயனுள்ள விளையாட்டு உண்டா!

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, சாண்டியாவில் உருவான லாம்ப்ஸ் மென்பொருளில் பெரிடைனமிக்ஸ் தொகுப்பும் இருக்கிறது, இலவசம். பத்தாயிரம் புள்ளிகளுக்கு ஒரு சாதாரண மடிக்கணினியே போதும். இன்றைக்கே ஒரு தகட்டை உடைத்துப் பாருங்கள்!