உறைபெட்டியில் இருந்து வந்ததில் உயிரோடு எத்தனை?

கரோல்பாக் பக்கம் குடியிருந்த தில்லித் தமிழர்களுக்குப் புசா ரோடு என்றால் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் தலைக்கு மேல் ஓடும் மெட்ரோவும்தான் நினைவுக்கு வரும். சாலைக்கு அந்தப் பெயரைத் தந்தது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1905இல் பீகாரின் புசாவில் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்த பிறகு, 1936இல் பெயரோடு தில்லிக்குக் குடிபெயர்ந்தது. கோதுமைக்கும் பாசுமதிக்கும் பேர்போன இடம். நுண்ணுயிரியல் துறையும் அங்கே உண்டு. பயறு வகைகளின் வேர்முடிச்சில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் அந்தத் துறையின் பழைய சிநேகிதர்.

இப்படிப்பட்ட பாக்டீரியாக்களைக் கிளிசரால் கலந்த சின்னக் குப்பிகளில் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பது எந்த ஆய்வகத்திலும் வழக்கம். கிளிசரால் சேர்க்காவிட்டால் பனிப்படிகம் செல்லின் சவ்வைக் கிழிக்கும். தண்ணீர் உறைய உறைய மிச்சத் திரவத்தில் உப்பு ஏறி செல்லை வாட்டும். கிளிசரால் இருந்தாலும் எல்லாம் பிழைப்பதில்லை. குப்பியை வெளியே எடுத்து உருக்கினால், கலங்கிய நீர் முன்போலவேதான் இருக்கும். செத்ததும் உயிருள்ளதும் சேர்ந்துதான் அந்தக் கலங்கல்.

பழைய வழி, தட்டில் வளர்த்துப் பார்ப்பது. பத்தில் ஒன்றாக ஆறு முறை நீர்க்கச் செய்து, கடைசிக் குழாயில் இருந்து 0.1 மில்லியை அகார் தட்டில் பரப்பினால், சில நாளில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் எழும். 50 காலனி என்றால் மூலக் குப்பியில் மில்லிக்கு 50 கோடி. ரைசோபியத்துக்கான அகாரில் காங்கோ ரெட் சாயம் கலப்பார்கள். ரைசோபியம் அதைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் வெள்ளையாகவே நிற்கும். ஊடே புகுந்த வேற்றுக் கிருமிகள் பல சிவந்து மாட்டிக்கொள்ளும். சோயாவின் பிராடிரைசோபியம் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகும். குளிரில் அடிபட்டவை இன்னும் தாமதிக்கும். மூன்றாம் நாளே எண்ணி முடித்துத் தட்டைக் குப்பையில் போட்டால், உயிரோடு இருந்ததையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

அவசரக்காரர்களுக்குச் சாயம் இருக்கிறது. சைட்டோ 9 எல்லா செல்லிலும் நுழைந்து பச்சையாக ஒளிரும். புரொப்பிடியம் அயோடைடு சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழைந்து சிவப்பாகும். நுண்ணோக்கியில் சில நிமிடத்தில் தீர்ப்பு! ஆனால் உறைந்து உருகிய செல் விஷயத்தில் நான் இதை முழுசாக நம்பமாட்டேன். சவ்வில் விழுந்த ஓட்டையைச் சில செல்கள் சற்று நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்குள் சாயம் போட்டால் பிழைக்கப்போவதும் சிவப்பாகிவிடும். சவ்வு முழுசாக இருந்தும் இனிப் பிரியவே முடியாத செல் பச்சையாக நிற்கும்.

இதே புசா வளாகத்தில் தேசியத் தாவர மரபணு வள வாரியமும் இருக்கிறது. அங்கே விதைகளை மைனஸ் 18 டிகிரியில் காக்கிறார்கள். விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க உலகெங்கும் கையாளும் சோதனை டெட்ராசோலியம். சுவாசிக்கும் முளைக்கருதான் அதில் சிவக்கும். ஒரு சாயத்தில் சிவப்பு சாவு, இன்னொன்றில் சிவப்பு உயிர். இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு: சவ்வு கிழிந்ததா, மூச்சு இருக்கிறதா. தட்டு கேட்பது, பெருகுவாயா என்று.

மூன்றுக்கும் பதில் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1982இல் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு, காலரா கிருமி தட்டில் வளராமலே நீரில் உயிரோடு கிடப்பதைக் காட்டியது. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல் கிருமி 5 டிகிரிக் குளிரிலேயே அப்படி ஆகி, சூடு பட்டால் திரும்ப வளரும். தூங்கியதுதான் விழித்ததா, மிச்சமிருந்த ஒன்றிரண்டு பெருகினவா என்ற சண்டையும் நெடுங்காலம் நடந்தது.

டி.என்.ஏ.வைப் பெருக்கி எண்ணும் பி.சி.ஆர். வைத்தால்? செத்த செல்லின் டி.என்.ஏ.வும் நாள்கணக்கில் கிடக்கும் என்பதால் அதையும் எண்ணிவிடும். பி.எம்.ஏ. என்ற சாயத்தைச் சேர்த்து ஒளி பாய்ச்சினால் சவ்வு கிழிந்த செல்லின் டி.என்.ஏ. பூட்டிக்கொள்ளும், மிச்சம்தான் கணக்கில் வரும். அதுவும் சவ்வை நம்பும் வித்தைதான்.

ரைசோபியம் போன்றவற்றை அடைத்து விற்கும் உயிர் உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை தட்டுக் கணக்கையே கேட்கிறது: தூள் என்றால் கிராமுக்கு 5 கோடி, திரவம் என்றால் மில்லிக்கு 10 கோடி. சரிதான்; வேருக்குப் போய்ப் பெருகாத ரைசோபியத்தால் விவசாயிக்கு என்ன லாபம்? அதனால்தான் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பத்திரம் என்று வீட்டு ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அதில் கிளிசரால் பாதுகாப்பு கிடையாது. வெயில் படாத, சூடில்லாத அறை போதும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கினால் சரி.