'கண்டறியப்படவில்லை' என்பதன் பொருள்

காய்கறிக் கடைத் தராசில் ஒரு குன்றிமணியை இட்டால் முள் அசையாது. அதனால் குன்றிமணிக்கு எடையே இல்லை என்று எவரும் சொல்லார். பொற்கொல்லரின் சிறு தராசிலோ அதே குன்றிமணி எடைக்கல்லாகவே பயன்பட்டது. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே கருவி பேசாது. அந்த மௌனத்தை 'இல்லை' என்று பொருள்கொள்வதால் விளையக்கூடிய தீங்கை இங்குக் காண்போம்.

வேதியியல் ஆய்வகம் தன் எல்லையை எவ்வாறு அறிகிறது? தேடும் பொருள் சேர்க்கப்படாத 'வெற்று மாதிரி'யைப் பலமுறை அளந்து பார்க்கிறது. அப்போதும் கருவி பூச்சியத்தைக் காட்டுவதில்லை. அமிலத்திலும் குடுவையிலும் காற்றிலும் உள்ள மாசும், கருவியின் உள்ளிரைச்சலும் சேர்ந்து ஏதோ ஓர் எண்ணைத் தருகின்றன. அவ்வெண்களின் சராசரி 2 நானோகிராம் என்றும், அவற்றின் சிதறலைக் குறிக்கும் திட்ட விலக்கம் 0.5 என்றும் கொள்வோம். பரவலான வழக்கின்படி, சராசரியுடன் திட்ட விலக்கத்தின் 3 மடங்கைக் கூட்டினால் கிடைக்கும் 3.5 என்பதே கண்டறிதல் எல்லை. அதைத் தாண்டினால்தான் 'பொருள் உள்ளது' எனலாம். 10 மடங்கைக் கூட்டினால் கிடைக்கும் 7 என்பது அளவிடல் எல்லை. அதைத் தாண்டினால்தான் 'இவ்வளவு உள்ளது' எனலாம். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில், 'உள்ளது, ஆயினும் அளவு கூற இயலாது' என்பதே நேர்மையான விடை. ஆய்வாளர்கள் பலவாறு வழங்கிவந்த இவ்வெல்லைகளை 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் லாயிட் கரி தம் ஆய்வுக் கட்டுரையில் தெளிவாக வரையறுத்தார்.

ஆகவே, அளவீட்டின் அடித்தளம் வெற்று மாதிரியே. அதுவே மாசுபட்டிருந்தால் என்னாகும்?

இதனை உலகிற்கு உணர்த்தியவர் கிளேர் பேட்டர்சன். விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஓரிடத்தான்களை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டவர் அவர். அப்பணியில் அவருக்குப் பெருந்தடையாக நின்றது, எங்கிருந்தோ வந்து மாதிரிகளில் கலந்துகொண்டே இருந்த ஈயம். காற்று, தூசு, வேதிப்பொருள்கள், ஆய்வாளரின் ஆடை என அனைத்திலும் அது இருந்தது. வாகனப் பெட்ரோலில் ஈயம் சேர்க்கப்பட்ட காலம் அது. எனவே கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் தூய ஆய்வகம் ஒன்றை அவர் அமைத்தார். அமிலங்களையும் தாமே மீண்டும் வடித்துத் தூய்மையாக்கிக்கொண்டார்.

அத்தூய்மையின் பயன் 1980இல் துலங்கியது. டோரத்தி செட்டிலும் பேட்டர்சனும் சூரை மீனில் உள்ள ஈயத்தை அளந்தனர். வேறோர் ஆய்வகம், புதிய மீனின் ஒரு கிராம் தசையில் 400 நானோகிராமும், டின்னில் அடைத்த மீனில் 700 நானோகிராமும் இருப்பதாகக் கண்டிருந்தது. டின்னில் அடைப்பதால் ஈயம் இரு மடங்குகூட ஆகவில்லை என்பதே அதன் பொருள். தூய ஆய்வகத்திலோ புதிய மீனில் 0.3 நானோகிராம் மட்டுமே இருந்தது. ஈயம் கலந்த பற்றாசினால் மூட்டப்பட்ட டின்னில் இருந்த மீனிலோ 1,400 நானோகிராம் இருந்தது. உண்மையான உயர்வு 4,000 மடங்கிற்கும் மேல்! புதிய மீனில் இருந்த ஈயம், முந்தைய ஆய்வகத்தால் காணக்கூடிய எல்லைக்கு வெகு கீழே இருந்தது. ஆய்வகத்தின் மாசே மீனின் இயல்பாகப் பதிவாகிவிட்டது. இயல்பு நிலை உயர்வாகத் தோன்றியதால், உணவில் நஞ்சு கலந்தது கண்ணுக்குப் படவில்லை. ஈயப் பற்றாசிட்ட உணவு டின்களை அமெரிக்கா 1995இல் தடைசெய்தது.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஓர் ஆய்வகத்தின் கண்டறிதல் எல்லை 20 மைக்ரோகிராம் எனில், அது தரும் 'கண்டறியப்படவில்லை' என்னும் சான்று நீரின் பாதுகாப்பை உறுதிசெய்யாது. அத்தகைய அறிக்கை கைக்கு வரும்போது இரண்டு வினாக்களை எழுப்புக: கண்டறிதல் எல்லை எவ்வளவு? வெற்று மாதிரி என்ன காட்டியது?

'இல்லை', 'தென்படவில்லை', 'அளந்து கூற இயலவில்லை' என்னும் மூன்றையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் உள்ளன. அறிக்கை எழுதுவோரும் படிப்போரும் அவ்வேறுபாட்டைக் காத்தல் வேண்டும்.