மொழி தெரியாத ஊரில் யார் துணை?

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்தவள். புளியந்தோப்பில் பிறந்து, புளியந்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். சகோதரிகள் பலர் இந்தப் பகுதிக்குச் சமையல் குறிப்பும் வீட்டுக் குறிப்பும் எழுதுகிறீர்கள். நான் என் பக்கத்து போர்ஷனில் நடந்ததை எழுதுகிறேன். நடுவில் இருப்பது மெல்லிய சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பீகாரிலிருந்து ஒரு குடும்பம் குடி வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. அவருக்குத் திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி', 'எவ்ளோ', 'அக்கா' இவ்வளவுதான்.

வந்த பத்தாம் நாளே ராத்திரியில் அடி விழும் சத்தம் கேட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். 'புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கு எதுக்கு?' என்று நான்கு மாதம் கம்மென்று இருந்தேன். அடி பம்பில் ஒரு அம்மா, "அவங்க ஊரு பழக்கமே அப்படித்தான்" என்றார். நம் ஊரில் என்ன வாழ்கிறதாம்? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனின் கொடுமையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நாள் குழந்தையின் அலறல் தாங்காமல் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார். நல்லது செய்ததாக நினைத்தேன். மறுநாள் அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. 'அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டு அடித்தானாம். கையிலிருந்த போனையும் பிடுங்கிக்கொண்டான்.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். அவளை ஒரு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இந்தி தெரிந்தவர் யாரும் இல்லை. புருஷனை வரவழைத்தார்கள். அவனோடு அவன் மேஸ்திரியும் வந்தான். அவள் அழுதுகொண்டே சொன்னதை அந்த மேஸ்திரிதான் தமிழில் சொன்னான். "சும்மா கோவத்துல வந்துட்டாளாம் சார், வீட்டுக்குப் போறாளாம்." எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அவள் சொன்னது அது இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் ஏரியாவில் வீட்டில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய உண்டு. எதிர்வீட்டு பாயம்மாவின் நினைப்பு எனக்கு அப்புறம்தான் வந்தது. அவரிடம் சொன்னேன். "இன்னாம்மா, இத்தினி நாளா என்னாண்ட சொல்லாம கம்முனு இருந்தியே" என்று திட்டினார். மறுநாளிலிருந்து தண்ணி அடிக்கும் நேரத்தில் மூவரும் ஒன்றாகப் போனோம். குடத்தோடு போகும் பெண்களை எந்தப் புருஷன் சந்தேகப்படுவான்?

ஒரே நாளில் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் ஆனது. ஆதார் அட்டை புருஷன் பெட்டியில். பிறந்த வீடு இரண்டு நாள் ரயில் பயணம், டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பஸ் போர்டு படிக்கத் தெரியாது. இதெல்லாம்கூடப் பெரிசு இல்லை. அவள் பாயம்மாவிடம் கேட்டது இதைத்தான்: "இது என் ஊர் இல்லையே, என் கேஸை இங்கே யார் எடுப்பாங்க? அவரை ஜெயில்ல போட்டுட்டா நானும் குழந்தையும் எங்கே போவோம்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. 181-க்கு போன் செய்தேன். பெண்களுக்கான இலவச எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அங்கே பேசிய பெண் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. சொந்த ஊருக்குப் போய்த்தான் கேஸ் போட வேண்டும் என்று அதில் இல்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே மனு போடலாம். மனு போட்டவுடன் புருஷனை ஜெயிலில் தள்ளிவிட மாட்டார்கள். 'அடிக்காதே, நெருங்காதே, செலவுக்குக் கொடு' என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அந்தச் சட்டப்படி ஒரு வருஷம் வரை தண்டனை, 20,000 ரூபாய் வரை அபராதம். வக்கீலுக்குக் காசு வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வைத்துத் தருவார்கள்.

என்னைப் போன்ற பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது, 4-வது பிரிவு. கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நான்கு மாதம் நான் பயந்த பயம் வீண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளும் குழந்தையும் 'சகி' என்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் தங்கினார்கள். வைத்தியம், ஆலோசனை எல்லாம் அங்கேயே. அவள் பேசும்போது பாயம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மேஸ்திரியின் தமிழ் இல்லாமல் அவள் கதையை முழுசாகக் கேட்டது அன்றுதான். மனு போட்ட பிறகு ஆதார் அட்டையும் போனும் திரும்பி வந்தன.

என் பாட்டியும் வெளியூர்க்காரிதான். தாத்தாவுக்கு பி அண்ட் சி மில்லில் வேலை கிடைத்து, செய்யாறு பக்கமிருந்து இங்கே வந்தவர்கள். (மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள்.) தாத்தா கை ஓங்கினால் பாட்டியின் அண்ணன் மறுநாளே பஸ் ஏறி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவாராம். பீகாரிலிருந்து எந்த அண்ணன் வர முடியும்? வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் நம் பெண்களுக்கும் இதே கதைதான். விசா புருஷன் கையில் இருந்தால் அடியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1994-லேயே ஒரு சட்டம் போட்டு, புருஷன் அங்கே குடியுரிமையோ நிரந்தரமாக வாழும் உரிமையோ உள்ளவனாக இருந்தால், அடிபட்ட பெண் அவன் தயவில்லாமல் தானே மனு கொடுக்கலாம் என்று செய்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையோடு இதையும் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

இப்போது அவள் இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருக்கிறாள். துணி தைக்கும் இடத்தில் காஜா எடுக்கும் வேலை. வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தா வாய்தாவாக. புருஷன் மனம் மாறிவிட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருவாள். அந்தப் பொடிசு என் பையனை, "டேய், இன்னாடா மொறைக்கிற?" என்று கேட்கிறது.

பக்கத்து போர்ஷனுக்குப் போன மாதம் ஒடிசாவிலிருந்து ஒரு ஜோடி வந்திருக்கிறது. இதுவரைக்கும் சத்தம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இந்தியும் சரியாக வராதாம். ஒடியா தெரிந்தவர் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பாயம்மாவும் நானும் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

— ஒரு வாசகி, புளியந்தோப்பு