பிரேக் லைன் நட்டு: அரை மில்லிமீட்டரில் இருக்கு விஷயம்!

பழைய ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறுவது பெரிய விஷயமில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்கும்போதுதான் பிரேக்கின் அருமை தெரியும். பைப் மாத்தியாச்சு, நட்டையும் முறுக்கியாச்சு. ஆனாலும் ஆயில் கசியுதே, ஏன்?

முதலில் பார்க்க வேண்டியது மரை. மஹிந்திராவின் பழைய ஜீப் அமெரிக்க வில்லிஸ் வழி வந்தது. அளவெல்லாம் அங்குலக் கணக்கு. பிற்கால உதிரிபாகங்களில் மெட்ரிக் அளவும் உண்டு. 3/8 அங்குல நட்டு சுமார் 9.5 மி.மீ., மெட்ரிக் நட்டு 10 மி.மீ. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சின்னதைப் பெரிய துளையில் போட்டால் ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். இறக்கத்தில் ஓங்கி மிதிக்கும்போது மரை வழுக்கி, பைப் கழன்றுவிடலாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் ஆயில் போனால் நாலும் போச்சு!

டெஃப்லான் டேப் சுத்தினா நிக்குமா? நிக்காது. கசிவை அடைப்பது மரையே அல்ல. பைப் முனையில் விரித்த கூம்பை நட்டு அழுத்தி உட்கார வைப்பதால்தான் அடைபடுகிறது. ஸ்டீல் பைப்பில் அந்த விரிப்பு இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு விரிசல் விடும். ஏசிக்குப் போடும் செம்புக் குழாய் வளைக்க ஈஸிதான், ஆனால் அதிர்வில் வெடிக்கும். பிரேக்குக்கு ஆகாது.

பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய், வெர்னியரில் அளந்து வாங்குங்கள். மாட்டும்போது முதல் சில சுற்று விரலாலேயே, ஆட்டமில்லாமல் ஏறணும். அதன்பிறகே ஸ்பேனர். காற்று எடுத்தபின் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால், வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.