ஒரே போன், நாற்பது பிள்ளைகள்

பணியிடைப் பயிற்சி முடிந்த அன்று மாலை, ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். வகுப்பறைக்கு உதவும் இணையக் கருவிகள் என்று தலைப்பு, உள்ளே நீளமாக ஒரு பட்டியல். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், ரெண்டு பேர் கும்பிடு போடுவார்கள். அதோடு சரி. அடுத்த வாரம் விசாரித்தால் திறந்து பார்த்தவர் ஒருவர் தேற மாட்டார். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் காலை வருகைப் பதிவில் தொடங்கிப் பலதையும் செயலியில் ஏற்றியாக வேண்டிய அரசுப் பள்ளி ஆசிரியரின் போன் ஏற்கெனவே நிரம்பித்தான் கிடக்கிறது. பதிவேற்றும் வேலை பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்களும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் போனில் இன்னொரு செயலிக்கு இடம் கேட்பது லேசான காரியம் இல்லை.

இருந்தும் சில கருவிகள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவற்றின் பூர்வீகத்தை விசாரித்தால், யாரோ ஒரு ஆசிரியர் தன் சொந்தத் தேவைக்காகத் தேடியதாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து நோண்டி, கை பழகி, பிறகு வகுப்புக்குப் போனது. உத்தரவில் வந்த கருவிக்கும் இப்படி வந்த கருவிக்கும் உள்ள ஆயுள் வித்தியாசத்தை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம்.

நாமக்கல் பக்கத்தில் கணக்கு ஆசிரியர் ஒருவர். அவருக்கு இருந்த தொல்லை பாடம் நடத்துவதில் இல்லை, வினாத்தாளில். பத்தாம் வகுப்புக்குத் தொடுகோடு படம் வேண்டும். வேர்டில் வட்டம் போட்டு, பக்கத்தில் கோட்டை இழுத்து வைத்தால் அது வட்டத்தைத் தொடாமல் நிற்கும், அல்லது வெட்டிக்கொண்டு போகும். ‘தொடுகோடு தொட மாட்டேங்குதே சார்’ என்று பிள்ளைகளே கிண்டல் செய்திருக்கிறார்கள். படம் ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் ஜியோஜீப்ராவை இறக்கினார். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் தன் ஆய்வேட்டுக்காக 2001 வாக்கில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பள்ளிக்கூடப் பயன்பாட்டுக்குக் காசு கிடையாது. தமிழிலும் மெனு வரும்.

வினாத்தாள் முடிந்தது. படம் திரையிலேயே இருந்தது. வட்டத்துக்கு வெளியே இருந்த புள்ளியைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். புள்ளி எங்கே போனாலும் இரண்டு தொடுகோடுகளும் சம நீளத்தில் கூடவே வந்தன. வட்டத்தை நெருங்க நெருங்க இரண்டும் விரிந்து, புள்ளி வட்டத்தின் மேலேயே வந்தபோது ஒரே கோடாகிவிட்டன. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியதும் கோடுகளையே காணோம். பாடப்புத்தகத்தில் இது மூன்று வாக்கியம்: வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு, வட்டத்தின் மேலுள்ள புள்ளியில் ஒன்று, உள்ளே இருக்கும் புள்ளியிலிருந்து ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக அந்த மூன்று வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தவர், மறுநாள் மடிக்கணினியை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். சொல்லித் தரவில்லை. மவுஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, எங்கே காணாமல் போகிறது பாருங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

அதற்கு அவர் ஒதுக்குவது பத்து நிமிடம்தான். காரணமும் சொல்கிறார். பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கு எட்டு மதிப்பெண். அங்கே கவராயமும் பென்சிலும் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். திரையில் வட்டம் தானாக வந்துவிடும், கையில் வராது. பட்டியல் போட்டுத் தருகிறவர்கள் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான்: கருவியை எப்போது மூடி வைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மடிக்கணினி இல்லாத பள்ளிக்கு என்ன வழி? பட்டியலில் பாதிக்கு மேல் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கருவி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு செய்யப்பட்டவை. நார்வேயிலிருந்து வந்த கஹூட் வினாடி வினா நல்ல விளையாட்டுதான், இசையும் ஓட்டமுமாக வகுப்பே துள்ளும். ஆனால் ஆளுக்கொரு போனுக்கு எங்கே போவது?

ப்ளிக்கர்ஸ் என்ற கருவியை நான் ரசிப்பது இதனால்தான். போன் ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும். பிள்ளைகள் கையில் வெறும் காகித அட்டை. க்யூஆர் கோடு போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட சதுரம். ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் வேறு, எண் வேறு. நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து இருக்கும். தன் விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு ஓட்டு ஓட்டினால், எந்த எண் அட்டை எந்த விடை சொன்னது என்று திரையில் வந்துவிடும். நாற்பது அட்டைகள் கொண்ட தொகுப்பை இலவசமாகவே அச்செடுக்கலாம்.

இதில் தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பிடித்தது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது இதில் நடக்காது என்பது. பக்கத்தில் இருப்பவனின் அட்டையைத் திரும்பிப் பார்த்தாலும் கட்டங்கள்தான் தெரியும், விடை தெரியாது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே குரலில் வருகிற வகுப்பில், வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. வகுப்பில் பாதிப் பேர் ஒரே தவறான விடையைத் தூக்கிப் பிடித்தால், பிழை பிள்ளைகளிடம் இல்லை, நடத்திய விதத்தில் என்று ஆசிரியருக்கு அங்கேயே உறைத்துவிடும். கிழியாமல் இருக்க அட்டையைப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். பளபளப்பாக லேமினேஷன் மட்டும் செய்ய வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது.

அறிவியலுக்கு, திரையிலேயே சோதனை செய்து பார்க்க ஃபெட் என்ற தொகுப்பு இருக்கிறது. இயற்பியலுக்கு 2001இல் நோபல் பெற்ற கார்ல் வைமன், அடுத்த வருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைத்தது. மின்சுற்றுப் பாடத்தில் மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஆய்வகத்தில் செய்ய விடாத தப்பை இங்கே ஆசை தீரச் செய்து பார்க்கலாம். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நாளிலும் ஓடும் என்பது கிராமத்துப் பள்ளிக்குப் பெரிய விஷயம். 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் அச்சிட்ட க்யூஆர் கோடு நல்ல யோசனைதான். சிக்னல் கிடைத்தால்.

தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வருடக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள்கள் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை. அவற்றை எடுத்துக் கூகுள் ஃபார்ம்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை, போர்வையை எடுத்தால் உள்ளே தமிழ் இல்லை. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஊர் டிடிபி கடையில் பழைய எழுத்துருதான் இன்னும் ஓடுகிறது. பொங்குதமிழ் போன்ற இலவச எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்து வைத்துக்கொள்வதுதான், எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒரு தமிழ் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை. ஒரு கோடை விடுமுறையை அதற்குக் கொடுக்கலாம், தப்பில்லை.

மாற்றியதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. எட்மோடோ என்ற வகுப்பறைத் தளத்தை உலகெங்கும் ஆசிரியர்கள் புழங்கினார்கள், 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். விக்கிஸ்பேசஸ் என்ற விக்கித் தளம் 2018இல் போனது. கூகுளின் மின் வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பரோடு முடிந்தது. 2020 கடைசியில் ஃப்ளாஷ் நின்றபோது, அதில் செய்த பாட விளையாட்டுகள் கூட்டமாகச் செத்தன. இலவசம் என்று நம்பி ஏற்றிய பாடங்களைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். வங்கியில் பணம் போடும்போது, எடுப்பது எப்படி என்று கேட்கிறோம் அல்லவா? ஜியோஜீப்ரா படத்தைத் தனிக் கோப்பாக உங்கள் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவற்றில் உழைப்பைப் போடுவது உத்தமம்.

பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், புகைப்படம் எல்லாவற்றையும் கேட்கிற தளம் என்றால் அங்கேயே நின்றுவிடலாம். 2023ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ப்ளிக்கர்ஸில் அட்டை எண் மட்டும் போதும், எந்த எண் யார் என்பது ஆசிரியரின் நோட்டில் இருந்தால் சரி.

சொந்தத் தேவையில் தொடங்கி வகுப்புக்குப் போனதற்கு இன்னொரு நல்ல உதாரணம் தஞ்சாவூர்க்காரத் தமிழம்மா ஒருவர். வெண்பா எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்ற இலவச மென்பொருளில் தன் வெண்பாவைப் போட்டுத் தளை தட்டுகிறதா என்று பார்ப்பார். பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாம் பிரித்து, என்ன பா என்றும் சொல்லிவிடும். கட்டுரை எழுதினால் நீச்சல்காரனின் ‘நாவி’யில் போட்டுச் சந்திப்பிழை பார்த்துக்கொள்வார். சொல்லில் சந்தேகம் வந்தால் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்தப் பெரும் புத்தகம் ஒரு காலத்தில் மாவட்ட நூலகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது. இப்போது பேருந்தில் நின்றுகொண்டே புரட்டுகிறார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் அதே போனில்.

அவலோகிதத்தை அவர் பிள்ளைகளிடம் நேராகக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அலகிடுதல் கேள்விக்கு விடை எடுக்கும் இயந்திரமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் நோட்டில் நேரசை நிரையசை பிரித்து, வாய்பாடு எழுதி, கடைசியில் சரிபார்க்க மட்டும்.

போன வருடம் அவர் செய்தது இன்னும் சுவாரசியம். சாட்ஜிபிடியிடம் மழையைப் பற்றி ஒரு வெண்பா கேட்டு வாங்கி, அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டார். செயற்கை நுண்ணறிவு வினாத்தாளுக்கு முதல் வரைவு தரும், கதை சொல்லும், கடிதம் எழுதும். யாப்பில் மட்டும் சரளமாகத் தப்புச் செய்துவிட்டு, இதோ இலக்கணம் வழுவாத வெண்பா என்று தைரியமாகச் சொல்லும். ‘இதைத் திருத்துங்க, பத்து மார்க்’ என்றார் தமிழம்மா. அதுவரை தங்கள் நோட்டில் சிவப்பு மையை மட்டுமே பார்த்த பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். தளை தட்டுகிற இடங்களை வட்டம் போட்டுக் காட்டினான் ஒருவன். ‘ஈற்றடியில நாலு சீர் இருக்கும்மா, மூணுதானே வரணும்?’ என்றாள் இன்னொருத்தி. கடைசிச் சீரின் வாய்பாடு நாளும் இல்லை, மலரும் இல்லை, காசும் இல்லை, பிறப்பும் இல்லை என்று முடிவாயிற்று. வகுப்பு கூடிப் பேசிப் பத்துக்கு மூன்று போட்டது. எதுகை சரியாக இருப்பதால் அரை மார்க் கூடப் போடலாம் என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை.