சுவரில் ஏறும் ஓதம்

கட்டிய வீட்டைக் காத்தல் – 7

சென்ற இரண்டு வாரங்களாகக் கூரை வழியே இறங்கும் நீரைப் பற்றி எழுதி வந்தோம். ஓடு விலகியதனாலோ பீலி அடைத்ததனாலோ உண்டாகும் ஒழுக்கு, மழை பெய்யும்போதே தன் இடத்தைக் காட்டிக்கொடுத்து விடுவதால், ஏணியில் ஏறத் தெரிந்த எவரும் அதற்கு ஒருநாட் பொழுதில் பரிகாரம் தேடிவிடலாம். இவ்வாரம் எடுத்துக்கொள்வது, நிலத்திலிருந்து மேல்நோக்கி மாதக்கணக்கில் ஓசையின்றி ஏறி, முழங்கால் உயரத்திலே கறையாகவும் வெண்பொடியாகவும் உதிரும் பூச்சாகவும் வெளிப்படும் ஓதம். அதன் மூலத்தைக் காணாமல், கறையின் மேல் நிறம் பூசிப் பூசியே நம் மக்கள் எவ்வளவு பணத்தைக் கரைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

மன்னார்ப் பெருநிலத்தில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில், குளமும் வயலும் சூழ்ந்த பெரியமடுவை இந்த ஆராய்ச்சிக்கு இடமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரவரும் வீடு வாசல்களை விட்டுப் புத்தளம் பக்கம் சென்றார்கள். அதன் பின்பு யுத்தத்தின் போக்கிலே பிற ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தங்கியிருந்து, அவர்களும் மறுபடி பெயர்ந்தார்கள். 2009க்குப் பிறகுதான் ஊர் மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பியவர்களிற் சிலர் பழைய சுவர்களின் மேலேயே புதுக் கூரை போட்டார்கள்; சிலர் முற்றிலும் புதிதாகக் கட்டினார்கள்; கட்டிய வீட்டின் பின்புறத்திலே கைக்கு எட்டிய பணத்தில் ஒரு குசினியையோ ஓர் அறையையோ ஒட்டிவைத்தவர்கள் இன்னும் பலர். ஆண்டுக்கணக்கில் கூரையின்றி நின்று மழை குடித்த சுவருக்கும், நேற்றுக் கட்டிய சீமெந்துக்கற் சுவருக்கும், இரண்டையும் இணைக்கும் சந்துக்கும் ஓதம் வரும் வழி வெவ்வேறாகையால், ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை.

வழியைக் கண்டுபிடிப்பதற்கு முதற்கருவி பஞ்சாங்கம் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படைய வேண்டாம். மன்னாரில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. மழை தொடங்கிய சில மணி நேரத்துக்குள் தோன்றி, மழை விட்ட சில நாட்களில் மறையும் ஈரம் கூரையிலிருந்தோ, பீலியிலிருந்தோ, சுவரின் வெடிப்பிலிருந்தோ வருவது. மழை வலுத்து, குளம் நிரம்பி, கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்த பின்னர் மெல்லத் தலைகாட்டி, மழை நின்ற பிறகும் மாசி பங்குனி வரை விடாது நிற்கும் ஈரம் நிலத்திலிருந்து ஏறுவது. கோடையிலும் மாரியிலும் ஒரே இடத்தில் ஒரே அளவாக இருப்பதானால், அருகே ஒரு குழாயோ, குளியலறைத் தரையோ, மலகூடக் குழியோ கசிகிறதா என்று பார்க்கவேண்டும். இவை மூன்றிலும் அடங்காத நாலாவது ஒன்று உண்டு: மழையே இல்லாத நாளில், காற்றுக் கனத்த காலை வேளையில் சுவர் வியர்த்தாற்போல் நனைந்து, வெயில் ஏற ஏற உலர்ந்துவிடும். அதன் காரணம் உப்பு. உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு முன்பு நான் பெரியமடுவில் பார்த்த ஒரு சுவரைக் காட்டிவிடுகிறேன்.

அது ஒரு புது வீடு. முன்விறாந்தையை ஒட்டிய அறையில், வெளிப்பக்கச் சுவரின் அடியிலே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பூச்சுப் பொருமி நின்றது. அதற்கு மேலே, அலை ஒதுங்கிய கரைபோல வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. “மூண்டு தரம் பூசிப் பாத்தாச்சு தம்பி, மாரி முடிய முடியத் திரும்பவும் வருகுது” என்றார் அந்த வீட்டு ராத்தா. விரல் மூட்டால் தட்டிப் பார்த்தபோது கோட்டுக்குக் கீழே வெற்றோசையும், மேலே கெட்டியான ஓசையும் கேட்டன. உடன் வந்த மேசன் வெள்ளைப் பொடியில் சிறிது நாவில் இட்டுப் பார்த்து, “நல்ல உப்பு” என்றார். பிறகு வெளியே போய், சுவரின் அடியில் மண்வெட்டியால் ஒரு முழ நீளத்துக்குத் தோண்டினோம். ஆறு அங்குலம் இறங்கியவுடன் அத்திவாரக் கட்டின் தலையில் கறுத்த தார்க்கோடு தென்பட்டது. அதாவது, மேசன்மார் டீ.பீ.சி. என்று சொல்லும் ஓதத்தடை ஒழுங்காகவே போடப்பட்டிருந்தது. கட்டிய காலத்தில் நிலத்துக்கு மேலே நின்ற அந்தக் கோட்டை, முற்றத்தைச் சேறின்றி வைத்திருக்கும் நல்லெண்ணத்தோடு வருஷந்தோறும் கொட்டிய மண்ணும், பாத்திரம் கழுவுவதற்கென்று சுவரோடு ஒட்டிப் போட்ட சீமெந்துத் தரையும் சேர்ந்து புதைத்துவிட்டிருந்தன. தடையைத் தாண்டிச் செல்ல நீருக்குப் பாலம் கட்டிக்கொடுத்தாற்போல் ஆயிற்று. இனி எத்தனை தரம் உட்புறத்தைப் பூசினாலும் பயன் என்ன?

ஓதம் ஏறும் தத்துவம் எளிது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்ணிய துவாரங்கள் நீரை இழுக்கின்றன. துவாரம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள துவாரத்திலே கணக்குப்படி ஏறத்தாழ ஐந்தடி வரை நீர் எழக்கூடும். ஏறும் வழியிலேயே சுவரின் முகத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருப்பதால், உண்மையான சுவர்களில் ஓதம் பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்குள் நின்றுவிடுகிறது. நீர் ஆவியாகிப் போகையில், அது நிலத்திலிருந்து கரைத்துக் கொண்டுவந்த உப்பு மாத்திரம் போவதற்கு வழியின்றிச் சுவரில் தங்குகிறது. பூச்சின் பின்னே அது படிகமாகும்போது உண்டாகும் நெருக்கம் கெட்டியான சீமெந்தையும் தள்ளி உடைத்துவிடும். ஆகவே பூச்சு உதிர்வதற்கு நேர்க் காரணம் உப்பு. நீர் அதைச் சுமந்து வந்த வாகனம்.

இந்த உப்புக்கு மற்றொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்குக்கு மேற்படும்போது சமையலுப்பு தானே காற்றிலிருந்து நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம், கல்சியம் சேர்ந்த சில உப்புக்கள் அதனினும் வெகு குறைந்த ஈரத்திலேயே கசியும். முன்பு சொன்ன நாலாவது வகை ஈரம் இதுதான். நிலத்து நீரை முற்றும் தடுத்த பிறகும் சுவர் நனைவதாகக் கண்டு, செய்த வேலை வீணாயிற்றே என்று மனம் உடைந்துபோகிறவர்கள், பழைய உப்பு இன்னும் பூச்சில் இருக்கிறது என்பதை அறிந்தால் ஆறுதல் அடைவார்கள். சுவரில் முள் குத்தி ஈரம் அளக்கும் மின்கருவியையும் இவ்விடத்தில் அப்படியே நம்பலாகாது. உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், அது உள்ளதற்கு மேலாகவே ஈரத்தைக் காட்டும்.

உப்பு நிலத்திலிருந்துதான் வரவேண்டுமென்பதும் இல்லை. கடற்கரையோரத்து மணலைக் கழுவாமல் எடுத்து, உவர்க்கிணற்று நீரிலே குழைத்து அரிந்த சீமெந்துக் கல், பிறக்கும்போதே உப்பைச் சுமந்து பிறக்கிறது. அப்படிப்பட்ட சுவரில் பொருமல் அடியில் மாத்திரம் நில்லாமல், இடுப்புக்கு மேலும் நிலைக்கதவின் பக்கத்திலும் இடம் இடமாகத் தோன்றும். சந்தேகம் தீரவேண்டுமானால், உதிர்ந்த பொடியில் ஒரு கரண்டி எடுத்து, மோட்டார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரிலே கரைத்து வடிகட்டி, அருகிலுள்ள பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் சில துளி நைத்திரிக்கமிலத்தையும் வெள்ளி நைத்திரேற்றையும் விட்டுப் பார்ப்பார். குளோரைட்டு இருந்தால் தயிர்போல் வெண்மை திரளும். இடுப்பு உயரத்திலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியே பொடி எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது அவசியம். செலவு அநேகமாக ஒன்றுமில்லாத இந்தப் பரீட்சையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வர்ணம் வாங்குவது எனக்கு விளங்குவதே இல்லை.

இனிப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பிரித்தானியரின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையே அரிப்பு என்னும் ஊரின் கடற்கரையில் கட்டுவித்த மாளிகைக்கு, முத்துச்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பையே பூச்சாக உபயோகித்தார்கள். அம்மாளிகையைச் சிதைத்தது கரையை அரித்த கடல். எஞ்சி நிற்கும் சுவர்களிலோ, உப்புக்காற்றை இரண்டு நூற்றாண்டாகத் தாங்கிய செங்கல்லையும் சாந்தையும் இன்றும் பிரத்தியட்சமாகக் காணலாம். சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும்; கெட்டியான சீமெந்துப் பூச்சு விடாது. வெளியே போக வழியில்லாத ஓதம் பூச்சின் பின்னாலேயே மேலும் ஏறி, முன்பு ஓரடியில் நின்ற கறை அடுத்த மாரியில் பூச்சுக்கு மேலே மூன்றடியில் தோன்றும். வெனிஸ் நகரத்தார் ஓதம் ஏறுவதற்கு அஞ்சியே வீடுகளின் அடியில் நீர் ஊறாத இஸ்திரியக் கல்லை வைத்து, அதன் மேல் செங்கல் கட்டினார்கள். கடல் மட்டம் அந்தக் கல்லின் தலையைத் தாண்டத் தாண்ட, உப்புநீர் செங்கல்லில் ஏறி இன்று அதே துன்பத்தை அவர்களுக்கும் தருகிறது.

ராத்தாவின் வீட்டுக்கு நாங்கள் சொன்ன வேலை இது. சுவரோடு ஒட்டிய சீமெந்துத் தரையை ஓரடி அகலத்துக்கு உடைத்து எடுத்து, மண்ணைத் தார்க்கோட்டுக்கு ஆறு அங்குலம் கீழே வரும்படி வெட்டி, முற்றம் வெளிப்புறமாகச் சரியும்படி செய்து, இடைவெளியிலே சல்லி பரப்புவது. பாத்திரம் கழுவும் நீரை ஒரு வாய்க்காலால் வாழைக்கு விடுவது. உள்ளே, வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஓரடி உயரம் வரை பூச்சைக் கொத்தி, உதிர்ந்ததை அன்றைக்கே வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது. அந்தத் தூளை முற்றத்திலேயே போட்டால், உப்பு மழையில் கரைந்து மறுபடி சுவருக்கே வந்துசேரும். பிறகு பொறுமை வேண்டும். சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது உலர்வதற்குரிய பொதுக்கணக்கு. அதுவரை வாரந்தோறும் உலர்ந்த தும்புத் தூரிகையால் உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் அது உள்ளே திரும்பிவிடும். கடைசியில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பே அடிக்கலாம். கடலோரத்தில் சுண்ணாம்புக்கென முருகைக்கல் எடுப்பதை 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடைசெய்துவிட்டபடியால், மாத்தளைப் பக்கத்துச் சூளைகளிலிருந்து வரும் சுண்ணாம்பைக் கேட்டு வாங்குவதே முறை.

தோண்டிப் பார்த்தபோது தார்க்கோடே இல்லை என்றால் வேலை கடினம். செய்யமுடியாதது என்று சொல்லமாட்டேன். தரைக்குச் சற்று மேலே சாந்து வரியை இரண்டடி நீளம் அறுத்து, கனத்த கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக நுழைத்து, சாந்தால் இறுக அடைத்து, அது காய்ந்த பிறகே ஓரிடம் விட்டு அடுத்த இரண்டடியைத் தொடவேண்டும். ஒரே நாளில் முழுச் சுவரையும் அறுக்கத் துணிகிற மேசனை வீட்டுக்குள் விடலாகாது. துளையிட்டு மருந்து செலுத்தும் புதுமுறையும் உண்டு. உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் அம்மருந்து பொந்தில் வழிந்து வீணாகுமாதலால், துளையைக் கல்லில் இடாமல் சாந்து வரியிலேயே இடவேண்டும்.

புதிதாகக் கட்டப்போகிறவர்களுக்கோ இவ்வளவு பாடு இல்லை. அத்திவாரக் கட்டின் தலையில் ஒன்றுக்கு இரண்டு சீமெந்து மணற்கலவையை முக்கால் அங்குலக் கனத்தில் பரப்பி, காய்ந்தபின் காய்ச்சிய தாரை இரண்டு கை பூசி, சூடு ஆறுமுன் மணல் தூவினால் போதும். அரை நாள் வேலை. 2012இல் வடக்கு கிழக்கில் பெருமளவாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கி, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். அப்படி வீட்டுக்காரரே எசமானராகவும் மேற்பார்வையாளராகவும் நிற்கும் இடத்தில், சுவருக்கு அடியில் மறையப்போகிற இந்தக் கறுப்புக் கோட்டைத் தம் கண்ணால் பார்த்த பின்பே முதற்கல்லை மேலே வைக்கவிடவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கைப்பணம் குறுகும்போது, கண்ணுக்குத் தெரியாத வேலையில்தானே முதலில் கை வைக்கிறோம்.

வேலைக்குக் காலமும் பார்க்கவேண்டும். மாரியில் தோண்டினால் ஓதம் வரும் வழி தெரியும். அப்போது பூசுவதில் பயன் இல்லை. பங்குனியில் பூச்சைக் கொத்தி, சித்திரை வெயிலுக்கும், வைகாசி முதல் வீசும் சோளகக் காற்றுக்கும் சுவரைத் திறந்து விட்டு, ஆவணியில் சுண்ணாம்பு பூசினால், அது இறுகுவதற்கு ஐப்பசி மழைக்கு முன் போதிய அவகாசம் கிடைக்கும். ஏற்கெனவே உப்புக் கல்லால் கட்டிய வீடுகளில் வளைக்கட்டுக் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்று வெடிப்பதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.