எந்த மரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்

கல்யாணச் சீருக்குக் கட்டில், பீரோ. புது வீட்டுக்கு சோபா, வார்ட்ரோப். மரச்சாமான்களுக்கு நம் குடும்பங்கள் செலவிடும் தொகை சிறியதல்ல. பலர் நகையை அடகு வைத்தோ தவணை முறையிலோ வாங்குகிறார்கள். அரை பவுன் மோதிரத்துக்கு ஹால்மார்க் கேட்கும் நாம், லட்ச ரூபாய் சாமானுக்கு “ஒரிஜினல் தேக்கு சார்” என்ற வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு மழைக்காலத்தில் கதவு உப்பிக் கீல் கழன்றதும் பில்லைத் தேடி எடுத்தால், அதில் ‘கட்டில் - 1, பீரோ - 1’ என்று மட்டும் இருக்கிறது. நம்முடைய உரிமை பறிபோகும் இடம் அந்த ஒற்றை வரிதான்.

சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று

தேக்கு என்றாலே கரையான் தொடாது என்பது பாதி உண்மை. எண்ணெய்ச் சத்து நிறைந்த, வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தக் குணம் உண்டு. வெளிறிய புறப்பகுதியைக் கரையானும் வண்டும் அரிக்கும். இதைச் சாயம் பூசி மறைத்துவிடலாம். ‘தேக்கு ஃபினிஷ்’ என்றால் நிறம் மட்டுமே தேக்கு. ‘தேக்கு வெனீர்’ என்றால் பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய தேக்கு ஏடு.

பால் வற்றிய பிறகு வெட்டப்படும் ரப்பர் மரம், போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்தினால் நல்ல மரம்தான். பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். பிளைவுட், மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. பார்ட்டிகிள் போர்டு மரச்சீவலையும் எம்.டி.எஃப். மர நாரையும் பசையோடு அழுத்திச் செய்தவை. இவ்விரண்டிலும் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிவிடும். ஒருமுறை கழற்றிய திருகு மறுபடி இறுகப் பிடிக்காது. மேலே மைக்கா ஒட்டிவிட்டால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

இவற்றில் எதுவும் தன்னளவில் மோசமான பொருள் அல்ல. பார்ட்டிகிள் போர்டை பிளைவுட் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து

புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால், பலகைப் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு காரணமாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குறைவாக வெளியிடும் ‘இ1’, ‘இ0’ தரப் பலகைகளைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்கள் முழுவதும் எட்ஜ் பேண்ட் ஒட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது, உயரமான அலமாரி சாய்வது. இழுப்பறைகளைப் படியாக்கிக் குழந்தைகள் ஏறும்போது அது அப்படியே கவிழும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி இறந்ததையடுத்து, 2016இல் ஐக்கியா நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நம் வீட்டு பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கனமான பொருட்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பூட்டிக் கொடுக்க வரும் ஆளிடமே இதைச் செய்து தரச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

சாமானின் முகப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்பலகை, இழுப்பறையின் அடிப்பாகம், கீல் பூட்டிய துளை ஆகியவை உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிடும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான தரம், ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். சமையலறைச் சிங்க்குக் கீழே இரண்டாவதுதான் நிற்கும். ‘எம்.ஆர்.’ என்ற முத்திரை ஓரளவு ஈரம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

பிறகு பில்லில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்:

• மரத்தின் அல்லது பலகையின் பெயர்; சட்டம், கால், பின்பலகைக்குத் தனித்தனியாக
• பலகையின் கனம், பிராண்ட், ஐ.எஸ். எண்
• உத்தரவாதக் காலம். கரையான், வண்டு அதில் சேருமா என்பது
• கொடுத்த அட்வான்ஸ், டெலிவரி தேதி

இன்டீரியர் வேலைக்குக் கொட்டேஷனிலேயே இவை இருக்க வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காமல், வேலை முடிய முடியக் கொடுங்கள். பலகை வந்து இறங்கும் நாளில் அதன் முத்திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டுக்குள் வரும். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் அதற்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

குறை தெரிந்ததும் போட்டோ, வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். ‘இ-ஜாக்ருதி’ இணையதளம் வழியாகவும் பதியலாம்.

தேக்கா இல்லையா என்று தகராறு வந்தால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மரத்தின் இனத்தைக் கண்டறிந்து சொல்கிறது. ஆனால் சோதனையில் வேறு மரம் என்று வந்தாலும், தேக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் பில்லில் எழுத்து வேண்டும்.

வழக்குத் தொடரக் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். உங்கள் வீட்டில் உளுத்துப்போன கட்டிலோ உப்பிய வார்ட்ரோபோ இருந்தால், பில்லையும் உத்தரவாத அட்டையையும் இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு மீதமிருந்தால் கடைக்கு முதல் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.